காட்டுத்தீக்குப் பிறகு பெய்யும் மழை: மண்ணும் தண்ணீரும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீதான் அணைந்துவிட்டதே, அப்புறம் எதற்குக் கவலை?

மண்ணுக்குச் சோதனைக் காலம் தொடங்குவதே தீ அணைந்த பிறகுதான். கருகி நிற்கும் மரங்கள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. தரையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த சருகும் மட்கும் எரிந்துபோனதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அடுத்த மழையில் எவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு மண் மலையை விட்டுக் கிளம்பும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்தச் சருகுப் படுக்கைதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், அது தரை மூடியிருக்கிறதா, திறந்து கிடக்கிறதா என்பதாக இருக்கட்டும். மற்ற எல்லாம் அதற்கு அடுத்துதான்.

எரியாத காட்டில் மழைத்தண்ணீர் எங்கே போகிறது?

முதலில் இலைகளில் தங்குகிறது, அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிவிடும். மீதி சொட்டுச் சொட்டாகச் சருகின் மேல் விழுகிறது, அடிமரத்தின் வழியாகவும் வழிகிறது. சருகும் அதற்குக் கீழே இருக்கும் பாதி மட்கிய அடுக்கும் நிறையத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாகக் கீழே விடுகின்றன. கீழே இருக்கும் மண்ணோ வேர்கள் போன வழி, மண்புழுவும் பூச்சியும் துளைத்த துளை, மண் உருண்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று பொத்தல் பொத்தலாக இருக்கிறது. அதனால்தான் நல்ல காட்டில் கனமழை பெய்யும்போதுகூடத் தரையின் மேல் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது அரிது. மழை மண்ணுக்குள் இறங்கி, உள்ளேயே நகர்ந்து, கொஞ்ச நேரமோ பல நாட்களோ கழித்துத்தான் ஓடையில் வந்து சேரும்.

ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லட்சம் லிட்டர் தண்ணீர். அதை ஏறக்குறைய முழுசாகவே காடு உள்வாங்கிக்கொள்கிறது. அந்த ஏற்பாடு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதுதான் இனி வரும் கேள்விகள் எல்லாம்.

எரிந்த மண் தண்ணீரையே உள்ளே விடாது என்கிறார்களே, உண்மையா?

பல இடங்களில் உண்மை. செடிகொடிகளிலும் சருகிலும் மெழுகு, பிசின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. தீயின் வெப்பத்தில் இவை ஆவியாகி, ஒரு பகுதி காற்றில் போய்விடுகிறது, இன்னொரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே நன்றாகக் குளிர்ந்திருக்கும். அங்கே அந்த ஆவி மறுபடி படிந்து மண் துகள்களின் மேல் பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அந்த அடுக்கின் மேல் விழும் தண்ணீர் தாமரை இலைத் தண்ணீர்தான், முத்துப்போல உருண்டு நிற்கும்.

மண்ணின் வெப்பம் சுமார் 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும்போது இந்தத் தன்மை நன்றாக உருவாகிறது. சுமார் 280 டிகிரியைத் தாண்டி 400 வரை போனால் அந்தப் பூச்சே எரிந்து அழிந்துவிடும். அதனால் மிகக் கடுமையாக எரிந்த இடத்தில் மேல் மண் தண்ணீரை உறிஞ்சும், அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும் அடுக்கு உறிஞ்சாது. இது ரொம்ப மோசமான அமைப்பு. மேலே இருக்கும் தளர்ந்த மண் முழுக்க ஊறிவிடுகிறது, கீழே இறங்க வழியில்லை, சரிவு செங்குத்தாக வேறு இருந்தால் ஊறிய மண் தண்ணீரோடு சேர்ந்து அப்படியே வழுக்கிக் கிளம்புகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எரியாத காட்டு மண்ணும் நீண்ட வறட்சிக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும். தீ அதைக் கூட்டுகிறது அல்லது வேறு ஆழத்துக்கு நகர்த்துகிறது. எனவே ஓரிடத்தில் தண்ணீர் உருண்டு நிற்பதை மட்டும் பார்த்துப் பழி முழுவதையும் தீயின் மேல் போட முடியாது, பக்கத்தில் எரியாத மண்ணையும் சோதித்துப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அதை எப்படிச் சோதிப்பது?

சொட்டுமருந்துக் குழாய் ஒன்று, சிறு கொத்துக்கரண்டி ஒன்று, தண்ணீர், கடிகாரம். இவ்வளவுதான் தேவை. சாம்பலை மெதுவாக ஒதுக்கிவிட்டு, கீழே இருக்கும் மண்ணின் மேல் ஒரு துளி விடுங்கள். உடனே மறைந்துவிட்டால் பிரச்சினையில்லை. 5 விநாடிக்கு மேல் துளி அப்படியே நின்றால் மண் தண்ணீரைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், ஒரு நிமிடத்துக்கும் மேல் நின்றால் கடுமையாகத் தள்ளுகிறது.

மேற்பரப்பில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒவ்வொரு சென்டிமீட்டராகச் சுரண்டிக்கொண்டே போய் ஒவ்வொரு ஆழத்திலும் சில துளிகள் விட்டுப் பாருங்கள். மேலே சட்டென்று உறிஞ்சிய அதே இடத்தில், இரண்டு சென்டிமீட்டர் கீழே துளி கண்ணாடிக் குண்டு மாதிரி, மேலே மண் தூசி ஒட்டிக்கொள்ள, அசையாமல் உட்கார்ந்திருக்கும். நான்கடி தள்ளி இன்னொரு இடத்தில் அப்படி ஒரு அடுக்கே இருக்காது. எரிந்த மண் அவ்வளவு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் நிறைய இடத்தில் பார்த்தால்தான் ஒரு முடிவுக்கு வர முடியும். மண் காய்ந்திருக்கும்போது சோதிப்பது முக்கியம், ஏனென்றால் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் இந்தத் தன்மை தற்காலிகமாக மறைந்துவிடும்.

சரி, மண் அரிப்புக்கு இந்தப் பூச்சுதான் முழுக் காரணமா?

இல்லை. என் கருத்தில் இதற்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது வெறுந்தரைக்குக் கொடுக்க வேண்டும். பார்க்க வினோதமாக இருப்பதால் தண்ணீரைத் தள்ளும் மண்ணைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஆனால் தரையில் 60, 70 சதவீதத்துக்கு மேல் சருகோ கல்லோ செடியோ மூடியிருந்தால் அரிப்பு மிகக் குறைவாகவே இருக்கிறது, மூடாக்கு குறையக் குறைய அரிப்பு வேகமாக ஏறுகிறது என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம்.

காரணம் எளிது. மூடாக்கு இல்லாத மண்ணில் மழைத்துளி நேரடியாக வந்து மோதுகிறது. மோதிய இடத்தில் மண் உருண்டை உடைந்து நுண்துகள்கள் தெறிக்கின்றன, தெறித்தவை போய் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன, கொஞ்ச நேரத்திலேயே மேற்பரப்பில் மெல்லிய ஓடு கட்டிவிடுகிறது. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போகாது. மண்ணை உருண்டையாகப் பிடித்து வைத்திருந்த கரிமப் பொருளும் எரிந்துபோயிருப்பதால் மண் முன்பைவிட எளிதில் உடைகிறது. சருகும் சுள்ளியும் இருந்த காலத்தில் ஓடும் தண்ணீர் அங்கங்கே முட்டி நின்று வேகம் குறைந்து போனது, இப்போது தடுக்க எதுவும் இல்லை.

எரிந்த சரிவில் முதல் மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் விரல் உயர மண்தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்திருக்கிறது, சுற்றியிருந்ததெல்லாம் போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் அங்கே இழந்த மண்ணின் அளவு. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் 10 கன மீட்டர், எடையில் 10 டன்னுக்கு மேல். அது மறுபடி உருவாகப் பல ஆண்டுகள் ஆகும், பல இடங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல்.

சாம்பல் நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். முதல் மழைக்குச் சாம்பல் அடுக்கே நிறையத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கனமாக இருந்தால் மண்ணைத் துளி அடிக்காமல் காக்கவும் செய்யும். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அதில் இருப்பதால் புதிதாக முளைக்கும் செடிக்கு உரமாகவும் ஆகிறது. ஆனால் காற்று அடித்தாலோ இரண்டு மழை பெய்தாலோ அது நகர்ந்துவிடும். சில வகைச் சாம்பல் நனைந்து காய்ந்ததும் இறுகி ஓடு கட்டுகிறது, சில மண்ணில் நுழைந்து துளைகளை அடைக்கிறது. ஓடையில் போய்ச் சேரும் சாம்பலும் சேறும் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் குறைத்து மீன்களைக் கொன்றுவிடுவதும் உண்டு.

எல்லாக் காட்டுத்தீயும் இதே அளவுக்குப் பாதிக்குமா?

பாதிக்காது. தழல் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதை வைத்து மண்ணின் பாதிப்பைக் கணிக்க முடியாது. மர உச்சிகள் வழியாக வேகமாகப் பாய்ந்து போன தீ, பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சில இடங்களில் தரையை அவ்வளவாகச் சுடாமல் போயிருக்கும். விழுந்து கிடந்த பெரிய மரக்கட்டை தழலே இல்லாமல் நாள் கணக்கில் கனன்றால் அதன் அடியில் மண் ஆழமாக வெந்து, நிறமே சிவப்பாக மாறிவிடும். மண் ஈரமாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவது கடினம், அதனால் ஈரக் காலத்தில் வரும் தீ மண்ணை ஓரளவு விட்டுவைக்கிறது.

ஒரே காட்டுக்குள்ளேயே ஒரு பக்கம் சருகின் மேல் அடுக்கு மட்டும் கருகியிருக்கும், இன்னொரு பக்கம் வெள்ளைச் சாம்பலைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. பாதி கருகிய ஊசியிலை மரங்கள் சில வாரங்களில் பழுப்பு ஊசிகளைக் கொட்டி, தரைக்குத் தாங்களாகவே ஒரு மூடாக்கு போட்டுவிடும். கருகிப் போன காடு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அந்த ஊசிகளையெல்லாம் கூட்டி அள்ளுவது பெரிய தவறு.

எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து?

மொத்த மழையைவிட அது எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதுதான் முக்கியம். நாள் முழுவதும் தூறினால் எரிந்த மண்கூடச் சமாளித்துக்கொள்ளும். அதே தண்ணீர் கால் மணி நேரத்தில் கொட்டினால் தாங்காது. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் எரிந்த நீர்பிடிப்புகளை ஆராய்ந்தவர்கள், அரை மணி நேர மழையின் வேகம் மணிக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவைத் தாண்டியதும் ஓடைகளில் வெள்ளம் சட்டென்று எகிறுவதைக் கண்டார்கள். அதாவது அரை மணி நேரத்தில் வெறும் 5 மில்லிமீட்டர். இடத்துக்கு இடம் இந்த எல்லை மாறும், ஆனால் எரியாத காட்டில் யாரும் பொருட்படுத்தாத மழை எரிந்த சரிவில் வெள்ளமாகிவிடும் என்பது மாறாது.

வெறும் வெள்ளமா, அல்லது அதைவிட மோசமாக ஏதாவது வருமா?

வரும். செங்குத்தான சரிவுகளில் தண்ணீர் போகும் வழியில் சேறு, கல், எரிந்த மரம் எல்லாவற்றையும் வாரிச் சேர்த்துக்கொண்டு, ஈரக் கான்கிரீட் போலக் கெட்டியான பெருக்காக இறங்குகிறது. வீடு அளவுப் பாறையைக்கூட அது தூக்கிவரும்.

கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் தாமஸ் தீ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ 1,100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் எரித்தது. 2018 ஜனவரி 9 அன்று விடியுமுன், எரிந்த மலைகளின் மேல் சில நிமிடங்களுக்கு மிகக் கடுமையான மழை கொட்டியது. மான்டெசிட்டோ ஊருக்குள் இறங்கிய சேறும் பாறையும் 23 உயிர்களைக் கொண்டுபோயின. அந்தத் தீ முழுமையாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டதே அதற்கு மூன்று நாள் கழித்துத்தான். தீக்கும் வெள்ளத்துக்கும் நடுவே மூச்சு விட நேரம் இருக்கும் என்று யாரும் நம்பிவிட முடியாது.

மழையே இல்லாமல் மண் சரியுமா?

சரியும். புதர்க்காடு நிறைந்த செங்குத்துச் சரிவுகளில் செடிகளின் அடித்தண்டுக்குப் பின்னால் மண்ணும் சரளையும் தேங்கி நிற்கும். செடி எரிந்ததும் பிடிமானம் போய், தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அவை சலசலவென்று உதிர்ந்து ஓடைப் பள்ளங்களில் குவிகின்றன. அடுத்து வரும் வெள்ளத்துக்கு அந்தக் குவியல்தான் தயாராக இருக்கும் சரக்கு.

குடிநீருக்கு என்ன ஆகும்?

இதில்தான் மலையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். கலங்கல் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையம் ஓரளவுக்கு மேல் சமாளிக்க முடியாது. சாம்பலோடும் மட்கோடும் வரும் கரிமப் பொருள் குளோரினோடு சேர்ந்து உடலுக்குக் கேடான துணைப்பொருள்களை உண்டாக்குகிறது. பாஸ்பரஸும் நைட்ரஜனும் அணையில் பாசியை வளர்க்கின்றன. வண்டல் அணையின் கொள்ளளவையே தின்றுவிடுகிறது.

கொலராடோவில் 1996 மே மாதம் பஃபலோ கிரீக் தீ சுமார் 48 சதுர கிலோமீட்டரை எரித்தது. இரண்டு மாதத்துக்குள் வந்த புயல்மழையில் இருவர் இறந்தார்கள், டென்வர் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் அணைக்குள் பெருமளவு வண்டல் இறங்கியது. 2002இல் அந்த அணைக்கு வரும் ஆற்றின் நீர்பிடிப்பில் ஹேமன் தீ, அதைவிடப் பத்து மடங்குக்கும் பெரியது. இரண்டையும் சமாளிக்க நகரத்தின் குடிநீர் நிறுவனம் 2.5 கோடி டாலருக்கும் மேல் செலவழிக்க வேண்டி வந்தது.

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம் மூடிய காட்டு நீர்பிடிப்பிலிருந்து வரும் தெளிந்த தண்ணீரை நம்பி, பெரிய வடிகட்டல் இல்லாமலேயே காலம் தள்ளியது. 2003 ஜனவரித் தீயில் அந்த நீர்பிடிப்பு எரிந்ததும் அணைத்தண்ணீர் கலங்கிப்போய், புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. 2022இல் நியூ மெக்சிகோவின் லாஸ் வேகாஸ் என்ற சிறு நகரத்தில் (பெயர்தான் ஒன்று, சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர் வேறு) ஆற்றில் சாம்பலும் சேறும் வந்ததால் தண்ணீரை எடுக்க முடியாமல், கையிருப்பு ஒரு மாதத்துக்கும் குறைவாகிப்போனது. நீர்பிடிப்புக் காட்டைப் பாதுகாக்க ஆகும் செலவை வீண் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்குகளையும் பார்க்க வேண்டும்.

மரம் எரிந்தால் ஆற்றில் தண்ணீர் கூடுமா, குறையுமா?

முதலில் பெரும்பாலும் கூடும், ஏனென்றால் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக விட மரங்கள் இல்லை. ஆனால் கூடுவது வேண்டிய நேரத்தில் வேண்டிய விதத்தில் வராது, கலங்கலாகவும் வெள்ளமாகவும் வந்து போய்விடும்.

பிறகு நடப்பது காட்டைப் பொறுத்தது. மெல்பர்ன் நகரின் நீர்பிடிப்பில் 'மவுண்டன் ஆஷ்' என்று அழைக்கப்படும் மிக உயரமான யூகலிப்டஸ் காடுகள் இருக்கின்றன. 1939 ஜனவரியில் வந்த பெருந்தீயில் பழைய மரங்கள் செத்து, விதையிலிருந்து இளங்காடு நெருக்கமாக எழுந்தது. இளமரங்கள் முதிர்ந்தவற்றைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்ததால், சில பத்தாண்டுகள் கழித்து ஓடைகளில் வரும் தண்ணீர் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பழைய அளவு திரும்ப நூறாண்டுக்கு மேல் ஆகும். எல்லாக் காடும் இப்படியல்ல, அடிமரத்திலிருந்தே மறுபடி துளிர்க்கும் மரங்கள் உள்ள காடு சீக்கிரம் நிலைக்கு வந்துவிடுகிறது.

எத்தனை வருடத்தில் எல்லாம் சரியாகும்?

அரிப்பு மிகக் கடுமையாக இருப்பது முதல் ஓரிரு ஆண்டுகள். தண்ணீரைத் தள்ளும் தன்மை சில வாரங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் கரைந்துவிடும், சில இடங்களில் அதற்கு மேலும் நீடிக்கும். புல்லும் செடியும் தரையை மூடிக்கொண்டதும் பெரும்பாலான சரிவுகள் அமைதியாகிவிடும். ஆனால் இன்னொரு ஆபத்து தாமதமாக வருகிறது. செத்த மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் மெதுவாக அழுகுகின்றன, புது வேர்கள் அந்த இடத்தைப் பிடிக்கக் காலம் ஆகிறது. அந்த இடைவெளியில், தீ வந்து சில ஆண்டுகள் கழித்து, செங்குத்துச் சரிவுகளில் நிலச்சரிவு ஏற்படக்கூடும். பச்சையாகிவிட்டதே என்று எல்லோரும் மறந்திருக்கும் நேரம் அது.

அரிப்பைத் தடுக்க என்ன செய்யலாம்?

தரையை மூட வேண்டும். வைக்கோல் அல்லது நார் நாராகக் கிழித்த மரத்தைச் சரிவில் பரப்புவதுதான் இதுவரை பார்த்ததில் நன்றாகப் பலன் தந்த வழி. வைக்கோல் காற்றில் பறந்துவிடும், களை விதைகளையும் கொண்டுவரும், மரநார் கனமானது, செலவும் அதிகம். முதல் கனமழைக்கு முன்னால் போட்டால்தான் பயன், அதற்குப் பிறகு போட்டால் போன மண் போனதுதான். எரிந்த இடம் முழுவதையும் மூட யாராலும் முடியாது, அதனால் கடுமையாக எரிந்து, செங்குத்தாக இருந்து, கீழே வீடோ அணையோ உள்ள சரிவுகளைத் தேர்ந்தெடுத்துச் செய்கிறார்கள்.

புல் விதை தூவுவது காலங்காலமாகச் செய்துவந்தது, பார்க்கவும் நம்பிக்கையாக இருக்கும். ஆனால் அரிப்பு அதிகமாக இருக்கும் முதல் மழைகளுக்கு முன் புல் முளைத்துத் தரையை மூடிவிடுவது அபூர்வம், வெளியூர்ப் புல்லாக இருந்தால் தானாக வரும் செடிகளோடு போட்டியும் போடும். சரிவுக்குக் குறுக்கே மரக்கட்டைகளைக் கிடத்துவது சின்ன மழைக்கு உதவும், பெரிய மழையில் அதன் பின்னால் உள்ள இடம் நிறைந்துவிடும், தரையோடு ஒட்டாமல் கிடத்தினால் தண்ணீர் ஓர் ஓரமாகத் திரண்டு பள்ளமே பறித்துவிடும். சாலைகளுக்கு அடியில் போகும் நீர்க்குழாய்களைச் சுத்தம் செய்து, தேவையானால் பெரிதாக்குவது பேசப்படாத வேலை, ஆனால் அவசியமானது.

கருகிய மரங்களை உடனே வெட்டி எடுத்துவிடலாமா?

சாலையோரத்தில் விழப்போகும் மரம் என்றால் வெட்டத்தான் வேண்டும். சரிவு முழுக்கக் கனரக வண்டியை ஓட்டி இழுத்து வருவது வேறு விஷயம். சக்கரத் தடங்களில் மண் இறுகி, தண்ணீர் வழிந்தோட ஆயத்தமான வாய்க்காலாகிவிடும், அப்போதுதான் முளைத்த செடிகளும் நசுங்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளைகளையும் பட்டைகளையும் அங்கேயே பரப்பிவிட்டு வாருங்கள்.

எரிந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறோம். என்ன பார்க்க வேண்டும்?

முதல் இரண்டு மழைக்காலத்திலும் மழை எச்சரிக்கையைத் தீ எச்சரிக்கைக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஓடைத்தண்ணீர் திடீரென்று கறுப்பாகவோ கெட்டியாகவோ மாறினாலோ, மழை பெய்யும்போது ஓட்டம் சட்டென்று குறைந்தாலோ, கற்கள் உருளும் உறுமல் கேட்டாலோ பொருள்களை எடுக்க நிற்காமல் ஓடையை விட்டு விலகி மேட்டுக்குப் போய்விடுங்கள், ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாதீர்கள். போகும் வழியைப் பகலிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பாலம் கடக்காத வழியாக இருந்தால் நல்லது.